ஏழு கிலோ மெத்தை

என் எடை 114 கிலோ. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். மெத்தைக் கடையில் இதைச் சொல்லக் கூச்சப்பட்டதால்தான் ஒரு மெத்தை வீணாய்ப் போனது.

வீட்டிலிருந்தே வேலை என்றானதும் சென்னை அறையைக் காலி செய்துவிட்டு மரக்காணத்துக்கே வந்துவிட்டேன். பக்கத்து ஊர்க் கடை ஒன்றில் '40 டென்சிட்டி, பத்து வருஷம் காரன்டி' என்று சொல்லி ஒரு ஃபோம் மெத்தை கொடுத்தார்கள். ஒரே ஆள் படுப்பது, 72க்கு 36, ஆறு அங்குலம். பத்து மாதத்தில் இடுப்பு விழும் இடத்தில் ஒரு பள்ளம். ஒருநாள் காலையில் முதுகு பிடித்துக்கொண்டு எழவே முடியவில்லை. அப்பாதான் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். அவருக்கு 68 வயது, எடை 55 கிலோ இருக்கும். உப்பளத்தில் நாற்பது வருஷம் உழைத்துவிட்டு இன்றைக்கும் கோரைப்பாயில் படுப்பவர். எனக்கு 34. வலியைவிட அந்தக் கணக்குதான் அன்றைக்கு அதிகமாய்க் குத்தியது.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. பள்ளத்தில் குதிகாலை வைத்து ஒரு அழுத்து அழுத்திப் பார்த்தார். "அடி கெட்டியா இல்லடா. மேல இன்னா போட்டு இன்னா?"

உப்பளக்காரர் பேச்சு அது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாத்தியெல்லாம் முங்கிக் கிடக்கும். மழை விட்டதும் தண்ணீரை வடித்து, சேறு இறுகும்வரை நாள்கணக்கில் காலால் மிதிப்பார்கள். அடி கெட்டிப்படாவிட்டால் உப்புத் தண்ணீர் கீழே இறங்கிவிடும். வாரும்போது உப்போடு சேறும் வரும். சின்ன வயதில் நானும் மிதித்திருக்கிறேன். இதை மெத்தையோடு சேர்த்துப் பார்க்க மட்டும் தோன்றியதில்லை.

அதற்கப்புறம்தான் படித்தேன். டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பது. மெத்தை எவ்வளவு கல்லாக இருக்கிறது என்பது வேறு கணக்கு. டென்சிட்டி குறைந்த ஃபோமையும் ரசாயனக் கலவையை மாற்றிக் கெட்டியாகச் செய்யலாம். கடையில் கையால் அமுக்கினால் நன்றாகத்தான் இருக்கும்; பாரம் தினமும் ஏற ஏற ஃபோமின் நுண்ணறைகள் உடைந்து ஒரேயடியாகப் படுத்துவிடும். கனமான உடம்புக்காரர்கள் முதலில் கேட்கவேண்டியது டென்சிட்டியைத்தான்.

அதைச் சரிபார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம், ஒரு தராசு போதும். உப்பு மூட்டை நிறுக்கும் மெஷினில் என் மெத்தையைத் தூக்கி வைத்தேன். 7.6 கிலோ. உறைக்கு அரைக் கிலோ கழித்தால் 7.1. மெத்தையின் கன அளவு 0.255 கன மீட்டர். வகுத்தால் 28. சொன்னபடி 40 என்றால் ஃபோம் மட்டுமே பத்து கிலோவுக்கு மேல் வந்திருக்கவேண்டும். காரன்டி அட்டையின் பொடி எழுத்தில் இத்தனை கிலோவுக்கு மேல் எடையுள்ளவர்களுக்குப் பொருந்தாது என்றும் இருந்தது. என் எடையைச் சொல்லியிருந்தால் விற்றவர் இந்த வரியைக் காட்டியிருப்பாரோ என்னவோ. நான் சொல்லவில்லை.

"கட்டாந்தரையில படு, எல்லாம் சரியாயிடும்" என்றார்கள் தெரிந்தவர்கள். நானும் படுத்தேன். மூன்றாம் நாள் தோளும் இடுப்பெலும்பும் வலித்தன. மெலிந்த அப்பாவுக்குப் பாய் ஒத்துப்போகிறது என்பதற்காக எனக்கும் ஒத்துப்போகவேண்டும் என்றில்லை. நாள்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரை வைத்து ஸ்பெயினில் செய்த ஓர் ஆய்வு 2003-ல் லான்செட் இதழில் வந்தது. மிகக் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டியான மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது. பக்கவாட்டில் படுக்கும்போது தோள் கொஞ்சம் இறங்கவேண்டும், இடுப்பு ரொம்ப இறங்கக்கூடாது. அடி தாங்கணும், மேல் கொஞ்சம் விட்டுக்கொடுக்கணும். அப்பா சொன்னதில் முதல் பாதி இது.

அப்புறம் ஊர். எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியைக் கையால் தடவினால் துரு உதிரும். அதனால் ஸ்பிரிங் மெத்தை வேண்டாம் என்று முடிவெடுத்தேன். மெமரி ஃபோம் 1966-ல் நாசாவுக்காக, விமான இருக்கைகளை மனதில் வைத்து உருவானது. சூடு பட்டால் இளகுவது அதன் குணம். கத்திரி வெயிலில், ராத்திரி கரன்ட் போன அறையில், என் பாரமும் சேர்ந்தால் அது எவ்வளவு இளகும் என்று சோதித்துப் பார்க்க எனக்கு ஆசையில்லை. இலவம் பஞ்சு மெத்தையில் காற்று நன்றாகப் போகும். ஆனால் பஞ்சு கட்டிபட்டுப் போகும், அவ்வப்போது பிரித்து அடித்துப் போடவேண்டும். பஞ்சு அடிக்கிறவர் எங்கள் தெருவுக்கு வந்து வருஷக்கணக்காகிறது.

கடைசியில் பாண்டிச்சேரியில் ஒரு கடைக்குப் போய் உட்கார்ந்ததும் சொன்னேன்: "அண்ணா, நான் 114 கிலோ. பக்கவாட்டில்தான் தூங்குவேன். உப்புக் காத்து வீடு." அவர் சிரிக்கவில்லை. அதுவரை நான் பயந்ததெல்லாம் அந்தச் சிரிப்புக்குத்தான். "முன்னாடியே சொல்றவங்க கம்மி சார்" என்றபடி உள்ளே கூட்டிப்போனார். கீழே நாலு அங்குலம் ரப்பர் ஏற்றிய தென்னைநார், மேலே இரண்டு அங்குலம் லேடெக்ஸ். செருப்பைக் கழற்றிவிட்டு கால் மணி நேரம் பக்கவாட்டில் படுத்துப் பார்த்தேன். பின்னாலிருந்து போட்டோ எடுக்கச் சொல்லி, முதுகெலும்பு நேராக இருக்கிறதா என்றும் பார்த்தேன். கட்டிலின் சட்டங்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று அவர்தான் கேட்டார். நாலு விரல் என்றேன். நடுவில் இன்னொரு கால் கொடுத்து, மேலே பிளைவுட் பலகை போடச் சொன்னார். பலகையில் துளை இருக்கவேண்டுமாம், இல்லாவிட்டால் அடியில் பூஞ்சை பிடிக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைமாட்டைக் கால்மாடாகத் திருப்பிப் போட வேண்டும்.

இந்த மெத்தையையும் உப்புத் தராசில் ஏற்றினேன். 22.5 கிலோ. நாருக்கும் ஃபோமுக்கும் எடையை ஒப்பிட முடியாதுதான். பின்னால் ஏதாவது பேச்சு வந்தால் கையில் ஒரு கணக்கு இருக்கட்டும் என்று மார்க்கரால் உறையின் அடியில் தேதியும் எடையும் எழுதினேன். அதன் கீழேயே என் எடையையும்.

அப்பா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "உன் எடைய இன்னாத்துக்கு எழுதுற?"

"எதைத் தாங்குதுன்னு தெரியணும்ல."

குதிகாலைத் தூக்கப்போனவர், புது மெத்தை என்று நினைத்தாரோ என்னவோ, உள்ளங்கையை வைத்து அழுத்தினார்.

"அடி இருக்குது" என்றார்.