உட்கார ஒரு கரை

மும்பையில் எனக்கு வாழ்வு கொடுத்தது கால்பாதேவி. மூச்சு விட இடம் கொடுத்தது கிர்காவ் சௌபாட்டி கடற்கரை. ஜவுளிக் கமிஷன் கடை ஒன்றில் கணக்கெழுதப் போனவன் நான். மூல்ஜி ஜேதா மார்க்கெட் அடைத்ததும் கடலுக்கு நடந்தே போய்விடலாம். பேல்பூரித் தட்டுகளை நடுவில் வைத்துக்கொண்டு குடும்பங்கள் மணலில் வட்டமாக உட்கார்ந்திருக்கும். எண்ணெய்க் குப்பிகள் கிணுகிணுக்க மாலிஷ்காரர் நடப்பார். பலூன் சுடும் பலகைக்கு முன்னால் பையன்கள் முட்டி மோதுவார்கள். எதுவும் வாங்காமல் விளக்கேற்றிய பிறகும் உட்கார்ந்திருக்கலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள்.

மில்காரர்களின் பேட்டையான லால்பாகில் 1934 முதல் வைத்துவரும் கணபதி, கரைவதற்கு வருவதும் இந்தக் கரைக்குத்தான். 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்குப் பிறகு பெரும்பாலான மில்கள் எழுந்திருக்கவே இல்லை. லோயர் பரேல் பீனிக்ஸ் மில் வளாகத்தில் இன்று மால் நிற்கிறது. மில் போன குடும்பங்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை வந்து உட்காரக் கடற்கரை மிச்சமிருந்தது. ஒரு தொழில் நகரம் தன் ஆட்களுக்குச் செய்யக்கூடிய பெரிய மரியாதை அது என்றே நினைக்கிறேன்.

நெடுங்காலம் கழித்து இந்த ஆடியில், நான் பிறந்த விசைத்தறி ஊரான சோமனூருக்குப் போனேன். மும்பையிலிருந்து வரும் குர்லா எக்ஸ்பிரஸ் அங்கே நிற்காது, திருப்பூரில் இறங்கி பஸ் பிடித்தேன். சோமனூர் பஸ் நிலையத்தின் மேற்கூரை 2017 செப்டம்பரில் இடிந்து விழுந்து ஐந்து பேர் செத்துப்போனார்கள். பஸ்ஸுக்குக் காத்திருந்த ஜனங்கள் மேல்தான் அது விழுந்தது. மும்பையில் அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கமில்லை. நிழலென்று நம்பி ஒதுங்க ஊரில் இருந்ததே அந்த மாதிரி ஒன்றிரண்டு இடங்கள்தான்.

தெருவுக்குள் திரும்பியதும் தறிச்சத்தம் நெஞ்சுக்குள் இறங்கியது. அத்தை மகன் தறிக் குடோனில் பாவு பிணைத்துக்கொண்டிருந்தார். தீர்ந்த பாவின் இழை ஒன்று, புதுப் பாவின் இழை ஒன்று. இரண்டையும் சேர்த்துச் சாம்பல் தொட்டு முறுக்கி விடுகிறார். ஆயிரக்கணக்கான இழைகள். தலையைத் தூக்காமலே "வாங் மச்சான், உக்காருங்" என்றார். உட்கார்வதற்குப் பாவு வந்த கட்டைதான் இருந்தது. அவர் புருவத்திலெல்லாம் பஞ்சு. அக்கா தார் சுற்றும் மிஷினை நிறுத்திவிட்டுக் காப்பி வைக்கப் போனார்.

இவர்கள் கூலிக்கு நெய்கிறவர்கள். பாவும் ஊடையும் ஜவுளிக்காரர் தருவார். காடாத்துணியாகத் திருப்பிக் கொடுத்தால் கூலி. 2014-க்குப் பிறகு கூலி ஏறாமலே கிடந்து, 2021 நவம்பரில் அமைச்சர்கள் பேசி சோமனூர் ரகத்துக்கு 23 சதவீத உயர்வு என்று முடிவானது. அது கைக்கு வராததால் 2022 ஜனவரியில் தறிகளை நிறுத்தினார்கள்.

"அப்ப எல்லாரும் என்ன பண்ணுனீங்க?"

"என்னுங் பண்றது மச்சான். பேக்கரி முன்னால நின்னோம். ஒரு டீயக் குடிச்சுட்டு எத்தன நேரம் நிக்கறதுங்?"

அந்த பதில் என்னை விடவில்லை. இருபத்துநாலு மணி நேரமும் தறி ஓடும் ஊர். பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள், கல்யாணம் செய்தார்கள், வீடு கட்டினார்கள். சும்மா உட்கார ஓர் இடம் வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கேட்கக் கூச்சப்பட்டிருப்பார்கள். உழைக்கிற ஜனங்களுக்கு அந்தக் கூச்சம் ரொம்ப அதிகம்.

வெளியே ஆடிக்காற்று புழுதியை வாரி அடித்தது. அரபிக்கடலில் கிளம்பி பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைகிற காற்று. உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்றுவதும் இதுதான். சௌபாட்டியில் முகத்தில் வாங்கியதும் அந்தக் கடலின் காற்றைத்தான். கடல் தன் பங்கைச் சோமனூருக்கு அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது.

எங்கள் சின்ன வயதில் ஆடிப்பெருக்குக்குக் கட்டுச்சோற்றோடு நொய்யலுக்குப் போவோம். எங்களுக்குக் கடற்கரை அதுதான். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து வரும் அந்த ஆறு இன்று கோயம்புத்தூர்ச் சாக்கடையைச் சுமந்துகொண்டு வருகிறது. கரையில் சோற்று மூட்டையை அவிழ்க்க மனம் வராது. சாமளாபுரம் குளம் மட்டும் பக்கத்தில் இருக்கிறது. கோயம்புத்தூரில் உக்கடம் பெரியகுளத்துக் கரையிலும் வாலாங்குளத்துக் கரையிலும் நடைபாதை போட்டார்கள். பொழுது சாய்ந்தால் ஊரே அங்கே வருகிறது. சாமளாபுரத்தில் அவ்வளவு செலவு வேண்டாம். கரையில் நாலு திண்ணை, ஒரு விளக்கு, பெண்களுக்கு ஒரு கழிப்பறை, குப்பை கொட்டாமல் பார்க்க ஓர் ஆள் போதும்.

குடோனில் தறி ஓட்டும் ஒடிசாப் பையனோடு இந்தியில் பேச்சுக் கொடுத்தேன். கஞ்சம் மாவட்டம், கோபால்பூர் கடலுக்குப் பக்கத்து ஊர். ஞாயிற்றுக்கிழமை எங்கே போவாய் என்று கேட்டேன். ரூமிலேயே கிடப்பேன், மொபைல் பார்ப்பேன் என்றான். கடலோரத்தில் வளர்ந்தவன்! சாயந்தரம் அவனைக் குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கரையில் நடந்தான். தண்ணீரில் கூழைக்கடாக்கள் மிதந்தன. ஒரு கல்லைக் காட்டி, "இங்கே உட்கார்ந்தால் யாராவது திட்டுவார்களா?" என்று கேட்டான். பிறந்த ஊரில் நின்றுகொண்டு அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு வலித்தது.

இரவு சாப்பாட்டில் மச்சானிடம் சொன்னேன்: பேரூராட்சிக்கு மனு எழுதலாம், முதல் கையெழுத்து நான் போடுகிறேன், ஆனால் அதற்கு முன்னால் நாம் போய் உட்கார்ந்து பழக வேண்டும். அரிசிம்பருப்புச் சோற்றில் நெய்யை விட்டுப் பிசைந்தவர் சற்று யோசித்தார்.

"ஞாயித்துக்கிழம தறி நிறுத்துனதும் பசங்களையும் கூட்டீட்டு வந்தர்றனுங். சோறு கட்டி எடுத்துக்கலாமுங்களா?"