ஆர்பிஜி எத்தனாவது கிராஸ்?

தில்லை நகரில் வீடு கண்டுபிடிப்பது சுலபம். எத்தனாவது கிராஸ், கிழக்கா மேற்கா, இரண்டே கேள்விதான். பதில் தெரிந்தால் கொரியர்காரர் கண்ணை மூடிக்கொண்டு வந்து கதவைத் தட்டிவிடுவார். இதையே "டாக்டர் வீட்டுத் தெரு, உறையூருக்குப் போகிற தெரு, நீலப் பெயிண்ட் தெரு" என்று பிரித்திருந்தால்? உறையூர் போகிற வழியில் நீலப் பெயிண்ட் அடித்த டாக்டர் வீடு ஒன்று இருந்தே தீரும். கொரியர்காரர் அழுதேவிடுவார்.

ரோல் பிளேயிங் கேம்களை, அதாங்க ஆர்பிஜிகளை, உலகம் இந்த லட்சணத்தில்தான் வகை பிரித்து வைத்திருக்கிறது. ஜேஆர்பிஜி என்றால் ஜப்பான், அது நாடு. சிஆர்பிஜி என்றால் கம்ப்யூட்டர், அது மெஷின். ஆக்‌ஷன் ஆர்பிஜி என்பது சண்டை போடும் விதம். எம்எம்ஓ என்பது எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்ற தலைக்கணக்கு. ரோக்லைக் என்பது 1980ல் வந்த 'ரோக்' என்ற ஒரு கேமின் சாயல், அவ்வளவே. (2008ல் பெர்லினில் கூடி ரோக்லைக்குக்கு இலக்கணமே எழுதினார்கள். சண்டை அதற்குப் பிறகும் ஓயவில்லை.) ஐந்து பெட்டி, ஐந்து அளவுகோல்!

இந்தக் குழப்பத்துக்கு ஒரு பூர்வ கதை உண்டு. 1974ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' கொண்டுவந்தபோது அது காகிதம், பென்சில், பகடை, நாலு நண்பர்கள். வேஷம் கட்டுவதும் எண் கூட்டுவதும் ஒன்றாகவே நடந்தன. கம்ப்யூட்டருக்குக் கூட்டல் நன்றாக வரும், வேஷத்துக்கு ஏற்றபடி கதையை மாற்றிச் சொல்லத்தான் வராது. அதனால் 1981ல் வந்த 'விசார்ட்ரி', 'அல்டிமா' இரண்டிலும் கணக்குதான் முன்னால் நின்றது. அந்த அமெரிக்க கேம்களில் மனசைப் பறிகொடுத்த யூஜி ஹோரி, 1986ல் ஜப்பானில் 'டிராகன் குவெஸ்ட்' செய்தார். ஜேஆர்பிஜியின் தாத்தா அமெரிக்கர் என்பது இதனால் அறியப்படும் நீதி :-)

அந்த 'ஜே' எழுத்து சும்மா ஒரு எழுத்து இல்லை. 2023ல் 'ஃபைனல் ஃபேண்டஸி 16' வந்த சமயம், அதன் தயாரிப்பாளர் நவோகி யோஷிதா ஒரு பேட்டியில் மனசில் இருந்ததைச் சொல்லிவிட்டார். அந்தப் பெயரை முதலில் கேட்டபோது தங்களை ஒதுக்கி வைத்துக் கேலி செய்வது போல இருந்தது என்ற பொருளில். ஆர்பிஜி செய்கிறோம் என்றுதான் அவர்கள் உட்கார்ந்தார்கள், ஜேஆர்பிஜி செய்ய இல்லை. 2025ல் வந்த 'கிளேர் அப்ஸ்க்யூர்' அச்சு அசல் ஜப்பான் பாணி. செய்தவர்களோ பிரான்ஸ்காரர்கள். மலைக்கோட்டை அடிவாரத்தில் கிண்டினாலும் அது திருநெல்வேலி அல்வாதானா?

சரி, எதை வைத்துத்தான் பிரிப்பது? பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து 'சான் ஆண்ட்ரியாஸ்' (2004) ஆடிய அத்தனை பேருக்கும் தெரியும். சிஜே ஜிம்முக்குப் போனால் உடம்பு ஏறும். பர்கராகத் தின்றால் தொப்பை. சுடச் சுடத் துப்பாக்கியில் கை தேறும். எல்லாவற்றுக்கும் எண் உண்டு. ஆனால் யாரும் அதை ஆர்பிஜி என்பதில்லை. ஏன்?

அக்கவுண்ட்ஸ் படித்தவர்களுக்கு இது சப்பை மேட்டர். ஷோரூமில் நிற்கும் கார் ஸ்டாக். அதே கார் டிராவல்ஸ்காரரிடம் போனால் ஃபிக்ஸட் அசெட். பொருளைப் பார்க்காதே, அது அங்கே என்ன வேலை செய்கிறது என்று பார். சிஜேயின் எண்கள் பெரும்பாலும் அலங்காரம்தான் (நுரையீரல் பலம் கேட்கிற அந்த ஒரு நீச்சல் மிஷனைத் தவிர). ஜெயிப்பது ஆடுபவரின் விரல். 1998ன் 'பால்டர்ஸ் கேட்'டில் விரல் எவ்வளவு வேகமாக இருந்தாலும் பிரயோஜனம் இல்லை, அடி விழுமா விழாதா என்று உள்ளே உருளும் பகடை சொல்லும். ஆக முதல் கேள்வி: ஜெயிக்க வைப்பது விரலா, எண்ணா? 'டார்க் சோல்ஸ்' (2011) பாதிக்குப் பாதி.

இரண்டாவது கேள்வி: அந்த ஆள் யார் என்பதை ஆடுபவர் தீர்மானிக்க முடியுமா? 'டிராகன் குவெஸ்ட்'டில் வீரன் வீரன்தான். 'ஃபால்அவுட்'டில் (1997) புத்தியைக் குறைத்து ஆளை உருவாக்கினால் அவன் கடைசி வரை உளறிக்கொண்டேதான் திரிவான். சாமர்த்தியசாலியாக உருவாக்கினால், கடைசி வில்லனை ஒரு குண்டு கூடச் சுடாமல் பேசியே கவிழ்க்கலாம். கிராஸ் நம்பர் ஒன்று, கிழக்கு மேற்கு ஒன்று. நாடு எதற்கு, மெஷின் எதற்கு?

இதில் நம்மூர் விஷயமும் மாட்டிக்கொண்டிருக்கிறது. 2014ல் பைரோடாக்டைல் கேம்ஸ் என்ற சின்ன இந்திய நிறுவனம் 'அன்ரெஸ்ட்' என்று ஒரு ஆர்பிஜி வெளியிட்டது. 2013ல் கிக்ஸ்டார்ட்டரில் பொதுமக்களிடம் வசூலித்த பணத்தில் செய்தது. கற்பனையான ஒரு பழைய இந்திய நகரம், பஞ்சம், கலவரம். ஆடுபவருக்குக் கிடைக்கும் பாத்திரங்களில் ஒருத்தி, வீட்டில் பார்த்துவைத்த கல்யாணத்துக்கு முன்னால் திகைத்து நிற்கும் கிராமத்துப் பெண். வாளும் கையுமாக அலைய வேண்டியதில்லை. எதிரில் பேசுபவருக்கு நம் மேல் நட்பு எவ்வளவு, மரியாதை எவ்வளவு, பயம் எவ்வளவு என்பதுதான் அங்கே கணக்கு. ஆர்பிஜி என்ற சீட்டைப் பார்த்து அரக்கனைத் தேடி வந்தவருக்கு ஏமாற்றம்தான். ஆனால் மேலே சொன்ன இரண்டு கேள்வியையும் கேட்டால் ஆர்பிஜி நடுவீட்டில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் கேம் அது. ஐந்து வருஷம் கழித்து, 2019ல், சண்டைக்கென்று தனி ஏற்பாடே இல்லாத 'டிஸ்கோ எலிசியம்' தி கேம் அவார்ட்ஸில் சிறந்த ஆர்பிஜி என்று பரிசே வாங்கியது. ஹூம்.

சீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். பாக்கெட் மணி சேர்த்து சேல் நேரத்தில் ஒரே ஒரு கேம் வாங்குகிறவருக்கு அந்தச் சீட்டை விட்டால் வேறு துணை இல்லை. ஸ்டீமில் பணம் திரும்ப வேண்டுமென்றால் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கு மேல் ஆடாமல் கேட்க வேண்டும். முதல் 2 மணி நேரத்தில் தன் முகத்தைக் காட்டிவிடும் ஆர்பிஜி அபூர்வம்!

இந்த இரண்டு கேள்வியிலும் ஒரு ஓட்டை இருக்கிறது மக்களே. 'ஃபுட்பால் மேனேஜர்'. ஜெயிக்க வைப்பது எண், விரலுக்கு வேலையே இல்லை. எப்படிப்பட்ட மேனேஜர் என்பதும் ஆடுபவர் இஷ்டம். அப்போது அதுவும் ஆர்பிஜியா? கொரியர்காரர் அந்த வீட்டு வாசலில்தான் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார்.