பரமபதத்திலிருந்து பாலர் வகுப்புக்கு

குழந்தைகளுக்கு எண்ணையும் எழுத்தையும் விளையாட்டின் மூலமாகவே புகட்டிவிடலாம் என்ற எண்ணம் எந்தக் காலத்தில், எந்தத் தேசத்தில், எவருடைய மனத்தில் முதன்முதலாக உதித்திருக்கும் என்று அறிந்துகொள்ள வேண்டுமென்ற ஆவல் எனக்கு நெடுநாளாகவே உண்டு. பொம்மைக் கடைகளில் '3 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு' என்றும் 'அறிவை வளர்க்கும் விளையாட்டு' என்றும் அச்சிட்ட வர்ணப் பெட்டிகள் கூரையைத் தொடும்படி அடுக்கி வைக்கப்பட்டிருப்பதைக் காணும்பொழுதெல்லாம், இவற்றுக்கு மூலபுருஷன் என்று ஒருவன் இருந்திருப்பானா, அல்லது நாடோடிக் கதைகளைப்போல் இவையும் கைமாறிக் கைமாறி உருமாறி வந்தவைதாமா என்ற கேள்வி எழும். நூலகங்களிலும், பழம்பொருள்களைப் பற்றிய ஆராய்ச்சிகளிலும், பின்னர் மனோதத்துவ அறிஞர்களின் பரிசோதனைகளிலும் இதற்கு விடை தேடத் தொடங்கினேன்.

முதலில் நான் போய் நின்ற இடம் இங்கிலாந்து. தத்துவஞானியான ஜான் லாக் கல்வியைப் பற்றி 1693ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், அக்காலத்துச் சூதாட்டத்தில் உருட்டப்பட்ட பல முகங்களை உடைய தந்த உருண்டையைக் கண்டு, அதன் முகங்களில் எழுத்துக்களை ஒட்டிக் குழந்தையின் கையில் கொடுத்தால் பாடம் என்ற பிரக்ஞையே இல்லாமல் அது அரிச்சுவடியைக் கற்றுக்கொள்ளும் என்று யோசனை சொல்லியிருக்கிறார். பெரியவர்களின் துர்ப்பழக்கம் ஒன்றிலிருந்து சிறுவர்களின் கல்விச் சாதனம் பிறக்கிறது என்பது ரசமான விஷயந்தான். ஆனால் இது உருண்டையே ஒழியப் பலகை அன்று.

பலகையைத் தேடியபொழுது, லண்டனில் ஜான் வாலிஸ் என்ற பதிப்பாளரும் எலிஸபெத் நியூபெரி என்ற பெண்மணியும் 1790இல் வெளியிட்ட 'மனித வாழ்க்கையின் புதிய விளையாட்டு' கண்ணில் பட்டது. சிசுப் பருவத்திலிருந்து முதுமை வரையில் ஆயுளின் வருஷம் ஒன்றுக்குக் கட்டம் ஒன்றாக 84 கட்டங்கள். கடைசிக் கட்டத்தில் அமர மனிதனாக வீற்றிருப்பவர் 84ஆம் வயதில் காலமான ஐஸக் நியூட்டன். நற்குணமுள்ள கட்டத்தில் நின்றவன் முன்னேறுவான். துர்க்குணத்தில் நின்றவன் பின்வாங்குவான். பகடையைக் குடும்பத்துக்குள் கொண்டுவருவது சூதுக்கு வாசல் திறந்துவிடும் என்று அஞ்சி, சுழல்கிற பம்பரக் கட்டை ஒன்றை அதற்குப் பதிலாக உபயோகிக்கும்படி விதிகளிலேயே எழுதிவைத்தார்கள். ஒழுக்கத்தைப் போதிக்கும் பலகைகளின் பிதா இதுவே என்று எழுதி முடித்துவிட எனக்குச் சபலம் உண்டாயிற்று. ஆயினும், நம் நாட்டு ஜைனர்களின் ஞான சௌபட் பலகைகளிலும் பெரும்பாலும் 84 கட்டங்களே இருப்பதைப் பார்த்தபிறகு அந்தச் சபலம் நீங்கியது. இந்த இரண்டு எண்பத்துநான்குகளையும் ஒரு கயிற்றில் கட்டிவிட ஆசை எழத்தான் செய்கிறது. ஒன்று ஆயுள் வருஷங்களின் கணக்கு, மற்றொன்று ஜைன லோகத்தின் படிகள். இவற்றை இணைக்கும் சாட்சி எதையும் நான் காணவில்லை. ஆகையால் கட்டாமலே விடுகிறேன்.

நம்மவர்களின் பலகை நமக்குப் புதியதன்று. வைகுண்ட ஏகாதசி இரவில் உபவாசமிருந்து கண்விழிப்பவர்கள் உறக்கம் வராமலிருக்கப் பரமபத சோபான படத்தை விரித்துத் தாயக்கட்டையை உருட்டுவது தமிழ்நாட்டில் இன்றும் வழக்கத்தில் இருக்கிறது. அடியில் நீசப் பிறவிகளும் நரகங்களும், நடுவில் மானிடமும் அதன் தொல்லைகளும், மேலே தேவலோகங்களும், உச்சியில் பெருமாளின் சந்நிதியுமாக ஒரு பிரபஞ்சத்தையே ஒரு தாளில் அடக்கிவிட்ட அந்தப் படத்தில், ஏணியின் அடியில் புண்ணியமும் பாம்பின் வாயில் பாபமும் எழுதப்பட்டிருக்கும். காய் எந்தக் கட்டத்தில் விழுகிறதோ அந்தக் கட்டத்தின் பெயரைப் படித்துச் சொல்லுவதும், பாம்பு கொத்தியவனை மற்றவர்கள் பரிகசிப்பதும், அவன் மறுபடியும் அடியிலிருந்து ஏறத் தொடங்குவதுமாக இரவு கழியும். எழுத்துக் கூட்டத் தெரியாத சிறுவனும் பாட்டியின் மடியில் இருந்தபடியே அந்தப் பெயர்களை ஓரிரவில் மனப்பாடம் செய்துவிடக்கூடும்.

இதை ஆக்கியவர் யார் என்று கேட்டால் மகாராஷ்டிரத்தில் உடனே ஞானேசுவரரைச் சுட்டுவார்கள். 1275இல் பிறந்து 1296இல் ஆளந்தியில் ஜீவசமாதி அடைந்ததாகக் கூறப்படும் அந்த மகான், குழந்தைகளுக்கு நன்மை தீமைகளை உணர்த்த மோட்சபடத்தை வகுத்தார் என்பது கர்ணபரம்பரை. திபெத்திலும் இதே வகையான பலகை ஒன்று உண்டு. அதை அதே நூற்றாண்டைச் சேர்ந்த சாக்கிய பண்டிதர் நோயுற்றிருந்த தம் தாயாரின் பொழுதுபோக்குக்காக அமைத்தார் என்று அங்கே சொல்லுகிறார்கள். ஒரு மகானின் பெயரைச் சூட்டினால்தான் ஒரு விளையாட்டுக்குக் கௌரவம் வரும் என்பது இரண்டு தேசத்து ஜனங்களுக்கும் தெரிந்திருக்கிறது! கதைகளை விட்டுப் பொருள்களைத் தேடினால் பதின்மூன்றாம் நூற்றாண்டு கைக்கு எட்டுவதில்லை. 1780களின் தொடக்கத்தில் லக்னோவில் கம்பெனி உத்தியோகத்தில் இருந்த ரிச்சர்ட் ஜான்ஸன் சேகரித்துச் சென்ற பலகை பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. இத்தகைய பலகைகளை ஒப்பிட்டு ஆண்ட்ரூ டாப்ஸ்ஃபீல்ட் என்ற கலைவரலாற்று அறிஞர் 1985இல் விரிவான கட்டுரை ஒன்று எழுதினார். ஜைனர், வைஷ்ணவர், சூபிகள் என்று ஒவ்வொரு சமயத்தாரும் அவரவர் மோட்ச மார்க்கத்தை அதே கட்டங்களில் எழுதி வைத்துக்கொண்டார்கள் என்பதைப் படித்தபொழுது, 'யார் ஆக்கியது?' என்ற என் கேள்வி பொருத்தமற்றதாகத் தோன்றலாயிற்று. 'ஒவ்வொருவரும் எதை எழுதினார்கள், எதை அழித்தார்கள்?' என்று கேட்பதே உசிதம்.

அப்படிக் கேட்டபொழுதுதான் ஒரு விசித்திரம் புலப்பட்டது. ஹரீஷ் ஜோஹரி என்பவர் 'லீலா' என்ற பெயரில் 1975இல் விளக்கி வெளியிட்ட 72 கட்டங்கள் கொண்ட பலகையில், அடைய வேண்டிய வைகுண்டம் 72ஆம் கட்டம் அன்று, 68ஆம் கட்டம். அதைத் தவறவிட்டு மேலே சென்றவன் 72ஐ அடைந்தால் அங்கே தமோகுணத்தின் பாம்பு காத்திருந்து அவனை 51க்கு, அதாவது பூமிக்கு, இறக்கிவிடும். பெரிய எண் உயர்ந்த நிலை அன்று. எண்ணுக்கு அங்கே வீட்டுக் கதவின் இலக்கத்துக்கு இருக்கும் மதிப்புத்தான் உண்டு. பொருள் முழுவதும் பெயரில் இருந்தது. எண்ணைக் கற்பிக்கும் உத்தேசம் இந்தப் பலகையை வகுத்தவர்களுக்கு லவலேசமும் இருந்திருக்க முடியாது.

1890களில் இந்தப் பலகை இங்கிலாந்தில் கடைச் சரக்காயிற்று. தொடக்க காலத்து ஆங்கிலப் பலகைகள் சிலவற்றில் வைகுண்டமும் நரகமும் மறைந்து, சிக்கனமும் சுறுசுறுப்பும் ஏணிகளாகவும், கீழ்ப்படியாமையும் சோம்பலும் பாம்புகளாகவும் வந்து சேர்ந்தன. மோட்ச சாஸ்திரம் நடுத்தரக் குடும்பத்தின் நன்னடத்தை விதியாகச் சுருங்கிற்று என்று சொல்லலாம். பிறகு அந்தப் பெயர்களும் போயின. அமெரிக்காவில் மில்டன் பிராட்லி கம்பெனியார் 1943இல் இதை வெளியிட்டபொழுது பாம்புகளை நீக்கி, சிறுவர் பூங்காக்களில் இருக்கும் சறுக்கு மரங்களை வைத்தார்கள். நன்மை தீமைகள் படங்களாக மாறின. அவர்களுடைய பலகையில் 87ஆம் கட்டத்தில் அலமாரியின் மேல்தட்டிலுள்ள பிஸ்கட் ஜாடியைத் திருட்டுத்தனமாக எட்டும் சிறுவன் 24க்குச் சறுக்கி விழுகிறான். காமக் குரோத மத மாற்சரியங்களிலிருந்து பிஸ்கட் ஜாடிக்கு வந்துவிட்டோம். இதை வீழ்ச்சி என்று நான் எண்ணவில்லை; 4 வயதுக் குழந்தைக்கு மாற்சரியம் இன்னதென்று விளங்காது, பிஸ்கட் நன்றாக விளங்கும்.

இப்படி ஒவ்வொரு கையிலும் ஒவ்வொன்றாக அழிந்துகொண்டே வந்தபொழுது எவராலும் அழிக்கப்படாமல் மிஞ்சியது ஒன்று உண்டு: 1, 2, 3 என்று வரிசையாக ஏறும் இலக்கங்கள். கட்டத்துக்குக் கட்டம் காய் நகர வேண்டும் என்ற காரியத்துக்காக மட்டும் அங்கே இருந்த இந்த மிச்சந்தான் பாலர் கல்விக்கு உதவுவது என்பதை ஏறக்குறைய நம் காலத்தில் கண்டுபிடித்தார்கள்.

பிட்ஸ்பர்க் நகரத்துக் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் கீதா ராமானி, ராபர்ட் சீக்லர் என்ற இரு மனோதத்துவ அறிஞர்கள், வறிய குடும்பத்துக் குழந்தைகளுக்கென அரசாங்கம் நடத்தும் ஹெட் ஸ்டார்ட் பாலர் வகுப்புக்களில் 124 குழந்தைகளைக் கொண்டு செய்து 2008இல் வெளியிட்ட பரிசோதனையை நான் மிகுந்த சிரத்தையுடன் படித்தேன். பள்ளிக்கூடத்தில் சேருமுன்பே வசதியுள்ள வீட்டுக் குழந்தைகளுக்கும் ஏழை வீட்டுக் குழந்தைகளுக்கும் எண்ணறிவில் பெரிய வித்தியாசம் ஏற்பட்டுவிடுகிறதே, வீட்டில் இத்தகைய பலகைகளை வைத்து விளையாடாததும் அதற்கு ஒரு காரணமாக இருக்குமோ என்பது அவர்களுடைய ஐயம். அவர்கள் செய்த பலகையைப் பார்த்தால் இதுவா விஞ்ஞானம் என்று தோன்றும். ஒரே வரிசையில் இடமிருந்து வலமாகப் பத்துச் சம கட்டங்கள், அவற்றில் 1 முதல் 10 வரை இலக்கங்கள்; 1, 2 என்ற இரண்டு எண்களை மட்டும் காட்டும் சுழல்முள்; ஆளுக்கொரு காய். பாம்பும் இல்லை, ஏணியும் இல்லை. இன்னொரு பகுதிக் குழந்தைகளுக்கு அதே அளவுள்ள பலகையில் இலக்கங்களுக்குப் பதிலாக வர்ணங்களைக் கொடுத்தார்கள். இரண்டு வார காலத்தில் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் கால் மணி அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட நேரம் விளையாட்டு நடந்தது. இலக்கப் பலகையில் ஆடிய குழந்தைகள் எண்ணுவதிலும், இலக்கங்களை அடையாளம் காண்பதிலும், இரண்டு எண்களில் எது பெரியது என்று சொல்லுவதிலும், ஒரு கோட்டின்மேல் ஓர் எண்ணுக்கு உரிய இடத்தைக் குறிப்பதிலும் முன்னேறினார்கள். ஒன்பது வாரங்கள் கழித்துச் சோதித்தபொழுதும் அந்த முன்னேற்றம் நிலைத்திருந்தது. வர்ணப் பலகையில் ஆடியவர்களிடம் அது காணப்படவில்லை.

வர்ணப் பலகை என்றதும் அமெரிக்கக் குழந்தைகள் பல தலைமுறைகளாக ஆடிவரும் 'கேண்டி லேண்ட்' என் நினைவுக்கு வந்தது. எலினார் அபட் என்ற ஆசிரியை, சான் டியாகோவில் இளம்பிள்ளை வாதத்தால் தாமும் படுக்கையில் கிடந்தபொழுது, அதே நோயால் முடங்கிக் கிடந்த குழந்தைகளுக்காக அதை வகுத்தார். 1949இல் அது விற்பனைக்கு வந்தது. எழுத்தும் வேண்டாம், எண்ணும் வேண்டாம். சீட்டில் வந்த வர்ணத்துக்குக் காயை நகர்த்தினால் போதும். நடக்க முடியாத குழந்தைகளுக்கு மிட்டாய் தேசத்தில் ஒரு பிரயாணம் அளிப்பதே அதன் நோக்கம். அது கணக்குக் கற்பிக்கவில்லை என்று குறைகூறுவது, கோயில் பிரசாதத்தில் வைட்டமின் எவ்வளவு என்று கேட்பதுபோல் ஆகும். பெட்டியின்மேல் 'கல்வி' என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்குகிறவர்கள் இந்த வித்தியாசத்தை அறிந்திருப்பது நல்லது.

அடுத்த வருஷத்துப் பரிசோதனை இன்னும் நுட்பமானது. அதே இலக்கங்களை நேர்வரிசையில் அன்றி வட்டமாக அமைத்து விளையாட விட்டார்கள். நேர்வரிசையில் ஆடியவர்கள் அடைந்த பயன் வட்டத்தில் ஆடியவர்களுக்குக் கிட்டவில்லை. நேர்வரிசையில் காய் போகப் போகத் தூரமும், தாண்டிய கட்டங்களும், சொன்ன எண்களும், கழிந்த நேரமும் ஒருங்கே வளருகின்றன. 8 என்பது 4ஐப்போல் இரண்டு மடங்கு என்று எவரும் வாயால் சொல்லாமலே கையும் கண்ணும் உணர்ந்துவிடுகின்றன. வட்டத்திலோ பத்தும் ஒன்றும் அண்டை வீட்டுக்காரர்கள் ஆகிவிடுகின்றன.

குழந்தை எதை வாய்விட்டுச் சொல்லுகிறது என்பதும் இதில் முக்கியம். மூன்றாம் கட்டத்தில் நிற்கும் காய்க்கு இரண்டு விழுந்தால், குழந்தை 'நான்கு, ஐந்து' என்று கட்டத்தின் எண்ணைச் சொல்லி நகர்த்த வேண்டுமென்று அந்தப் பரிசோதனையில் விதி வைத்திருந்தார்கள். எலிடா லாஸ்கியும் சீக்லரும் 2014இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நூறு வரை எண்கள் கொண்ட பலகையில் ஒரு பகுதியாரை இப்படியும், மற்றொரு பகுதியாரை ஒவ்வொரு முறையும் 'ஒன்று, இரண்டு' என்று தொடக்கத்திலிருந்து எண்ணும்படியும் விட்டுப் பார்த்ததில், முன்னவர்களே அதிகம் கற்றார்கள். நம் வீடுகளில் தாயம் ஆடுகிறவர்கள் எப்படி நகர்த்துகிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் 'ஒன்று, இரண்டு, மூன்று' என்றுதான். கட்டத்தின் இலக்கத்தை எவரும் பார்ப்பதே இல்லை. போதாததற்குத் தாயக்கட்டையில் வெறும் முகங்கள் இரண்டும் மேலே விழுந்தால் 12 என்பது பல ஊர்களில் விதி. ஒன்றுமே இல்லாதது எப்படிப் பன்னிரண்டாயிற்று என்று ஒரு பாலகன் கேட்டால் விதி என்பதைத் தவிர வேறு சமாதானம் கிடையாது. பரமபதப் படத்தின் பாதையோ ஒரு வரிசையில் வலப்புறமாகவும் அடுத்த வரிசையில் இடப்புறமாகவும் திரும்பித் திரும்பி ஏறுகிறது. இவையெல்லாம் பெரியவர்களின் உபவாச இரவுக்கு ஏற்றவை.

பாம்பைப் பற்றியும் என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். பழைய பலகையில் விழுந்தவனுக்குத் தான் விழுந்த காரணம் அங்கேயே எழுதப்பட்டிருந்தது. அமெரிக்கப் பலகையில் அது படமாக வரையப்பட்டிருக்கிறது. இன்று நம் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பலகைகளில் பாம்பு வெறும் பாம்பாகவே படுத்திருக்கிறது. 87இலிருந்து 24க்கு வழுக்கி விழும் குழந்தை வழியில் எந்த எண்ணையும் எண்ணுவதில்லை. ஆகவே கணக்கும் இல்லை, காரணமும் இல்லை, அழுகை மட்டும் உண்டு. 4 வயதுக் குழந்தைக்கு ஓர் அட்டையில் பத்துக் கட்டம் கீறி, இலக்கம் எழுதி, இரண்டு புளியங்கொட்டைகளைக் காய்களாக வைத்து, ஒரு பக்கம் 1 என்றும் மறு பக்கம் 2 என்றும் எழுதிய வட்டச் சில்லு ஒன்றைச் சுண்டிவிடச் சொன்னால் போதுமானது, காசு செலவில்லை. பாம்புகளை ஆறு, ஏழு வயதானபிறகு சந்தித்துக்கொள்ளட்டும்.