'கே'யில் இல்லாத குரோமியம்

சோளிங்கரில் நமது பங்கு இல்லத்து நூலடுக்கை நாடி ஒரு மாணவி வந்தாள். தமிழ் வழியில் பயின்று, கல்லூரியில் ஆங்கிலத்தோடு போராடுபவள்; தந்தை இராணிப்பேட்டையில் தோல் பதனிடும் தொழிலாளி. தோல் பதனிட உதவும் குரோமியம் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுத வேண்டுமாம். ஆங்கில வேதியியல் நூலொன்றைக் கொடுத்து, "கடைசிப் பக்கங்களிலுள்ள பொருளடைவைப் பாரம்மா" என்று கூறிவிட்டு, நோயாளி ஒருவரைச் சந்திக்கச் சென்றோம். மாலையில் திரும்பியபோது, "இதில் இல்லை, சாமி" என்றாள். சரியாகத் தேடவில்லை என்று கடிந்துகொண்டோம். அவள் கண்கள் கலங்கின.

அருகமர்ந்த பின்னரே உண்மை விளங்கிற்று. காதில் விழுந்த ஒலியை நம்பி, 'கே' எழுத்தின் கீழ் ஒரு சொல் விடாமல் தேடியிருக்கிறாள். சொல்லோ 'சி'யில் இருந்தது. நிகண்டுச் செய்யுள்களை மனனம் செய்து சொற்பொருள் அறிந்த நாட்டில், 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியை அகர வரிசையில் அமைத்ததைப் பலமுறை பெருமையாகப் பேசியிருக்கிறோம். ஆனால், எந்த எழுத்தில் தேடுவது என்று அறியாத பிள்ளைக்கு அவ்வரிசையால் என்ன பயன் என்று ஒருநாளும் எண்ணியதில்லை.

மறு ஞாயிறு, ஒலி ஒன்றும் முதலெழுத்து வேறுமான சொற்களை அவளோடு சேர்ந்து ஒரு தாளில் எழுதினோம். சைக்காலஜியும் நிமோனியாவும் 'பி'யில் என்றதும் சிரித்துவிட்டாள்.

"இது யார் செய்த வேலை, சாமி?"

குருமடத்தில் கற்ற சிறிதளவு கிரேக்கம் அன்றுதான் நமக்குப் பயன்பட்டது.