ஒன்பதில் ஒன்று

பின்னக் கணக்கை எங்களுக்கு முதலில் கற்பித்தவர் அக்காள்தான். தீபாவளி கழிந்து அதிரசம் ஒன்றே எஞ்சியிருக்கும். உண்ண நிற்பவர் மூவர். மூன்றைவிட நான்கு பெரிதென்று எண்ணி, எங்களில் மூத்தவன் 'எனக்கு நாலில் ஒன்று வேண்டும்' என்று அடம்பிடிப்பான். அக்காள் மறுக்காமல் கால் பங்கையே பிட்டுக் கொடுப்பார். பங்கு கூடினால் துண்டு சிறுக்கும் என்பது அன்றைய பாடம்.

பழந்தமிழ்ப் பின்னப் பெயர்களில் இந்த ஏமாற்றம் குறைவு. காலில் பாதி அரைக்கால். எது சிறிது என்பதைப் பெயரே சொல்லிவிடும். பதினாறில் ஒன்றான மாகாணி பெரிதா, இருபதில் ஒன்றான மா பெரிதா என்று மலைக்க வேண்டியதில்லை. மாவோடு எண்பதில் ஒன்றான காணியைக் கூட்டினால் மாகாணி. ஒப்பீடு சொல்லுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது.

எங்கள் தந்தையார் விட்டுச்சென்றது மூன்று மா நிலம். ஏறக்குறைய 1 ஏக்கர். பூர்விகச் சொத்து. அம்மா முன்பே காலமாகியிருந்தார். 1998இல் தந்தையார் மறைந்தபோது, சட்டம் அறிந்த ஒருவர் தாளில் கணக்கிட்டார். தந்தைக்கும் இரு மகன்களுக்கும் ஆளுக்கு மூன்றில் ஒன்று. தந்தையின் அந்தப் பங்கில் மட்டுமே மகளுக்கும் இடம். ஆக, மகன் ஒவ்வொருவனுக்கும் ஒன்பதில் நான்கு, சுமார் 44 சென்ட். மகளுக்கு ஒன்பதில் ஒன்று, சுமார் 11 சென்ட். மகளுக்குச் சமபங்கு தந்த 1989ஆம் ஆண்டின் தமிழகத் திருத்தம், அதற்கு முன்பே மணமானவர்களை விலக்கியிருந்தது. அக்காளின் திருமணம் 1988இல்.

'உனக்கும் ஒன்பதில் ஒன்று இருக்கிறது' என்று தாராளமாகச் சொன்னோம். அதிரசப் பாடம் எங்களுக்கு மறந்துபோயிருந்தது, அக்காளுக்கு மறந்திராது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. நிலம் பிரிக்கப்படாமலே எங்கள் கையில் இருந்தது.

2005இல் நடுவண் சட்டம் திருத்தப்பட்டது. திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடிருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆளுக்கு மூன்றில் ஒன்று, ஒரு மா.

சென்ற ஆண்டு பத்திரம் பதிந்தோம். கையெழுத்திட்டபின், 'எந்தப் பக்கத்து மா எனக்கு?' என்று மட்டும் அக்காள் கேட்டார். வாய்க்காலை ஒட்டியதைக் கொடுத்தோம். இடைப்பட்ட ஆண்டுகளின் விளைச்சலை எந்தப் பின்னத்தில் எழுதுவது என்பதை நாங்கள் இன்னும் பேசவில்லை.