டேப் ரெக்கார்டரும் பாட்டியின் காதும்

"பி.காம். படிக்கிற பயலுக்கு ஸ்க்ரூ டிரைவரோடு என்ன வேலை?" என்று வகுப்பில் கேட்பவர்களுக்காக இந்தப் பதிவு. பழைய டூ இன் ஒன், டேப் ரெக்கார்டர் கிடைத்தால் வாங்கிப் பிரித்துச் சரிசெய்வதுதான் நமக்குப் பொழுதுபோக்கு.

கேசட்டைக் கொண்டுவந்தது பிலிப்ஸ், 1963-ல். உள்ளே டேப் விநாடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் ஓடவேண்டும். மொத்தக் கதையும் இந்த எண்ணில்தான். மோட்டாரையும் சக்கரத்தையும் இணைப்பது ஒரு ரப்பர் பெல்ட். வருஷக்கணக்கில் கிடந்தால் தளர்ந்துவிடும். சிலது தார் மாதிரி உருகிக் கையெல்லாம் ஒட்டும். பெல்ட் தளர்ந்தால் பாட்டு அலைபாயும். ரோலரில் பிசுபிசுப்பு ஏறினால் டேப்பையே சுற்றி விழுங்கிவிடும். அதனால் முதலில் பெல்ட் மாற்றி, ஹெட்டையும் ரோலரையும் துடைத்து, போனால் போகட்டும் என்கிற கேசட்டைப் போட்டுப் பார்ப்பேன்.

அப்படிப் போகவிட முடியாத கேசட் ஒன்று வீட்டில் இருந்தது. போன் பேச எக்கச்சக்கமாகச் செலவான காலத்தில், வளைகுடாவில் வேலைபார்த்தவர்கள் கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசி, ஊருக்குப் போகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார்கள். துபாயிலிருந்து தாத்தா அனுப்பியது அது. நான் பிறக்குமுன்பே அவர் போய்விட்டார். அவர் குரலுக்கு வேறு பதிவு கிடையாது.

பல மோட்டார்களின் பின்னால் சின்ன ஓட்டை இருக்கும். உள்ளே ஒரு ஸ்க்ரூ. திருப்பினால் வேகம் மாறும். 3000 ஹெர்ட்ஸ் ஒலி பதிந்த சோதனைக் கேசட்டைப் போட்டு, செல்போன் செயலி 3000 காட்டும்வரை திருப்பினேன். கணக்குப்படி கச்சிதம். பாட்டியோ, "இது உங்க தாத்தா குரலே இல்லடா, கீச்சுனு கேக்குது" என்றுவிட்டார்.

யோசித்தால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. தாத்தா பேசிய மெஷின் மெதுவாக ஓடியிருந்தால், சரியான வேகத்தில் ஓடும் மெஷினில் குரல் கீச்சிடத்தான் செய்யும். அந்த மெஷின் இப்போது இல்லை. மிச்சமிருக்கும் ஒரே அளவுகோல் பாட்டியின் காது. வேகத்தைத் துளித்துளியாகக் குறைத்தேன். ஓரிடத்தில் "நிறுத்து" என்றார். அதற்கப்புறம் கேட்டதுதான் தாத்தாவின் குரல். அதே வேகத்தில் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டேன்.

நம் பாடப்படி தேய்மானம் போட்டால் இந்தப் பெட்டியின் மதிப்பு என்றைக்கோ பூஜ்யம். இருக்கட்டும். உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படிக் கேசட் இருந்தால், அந்தக் குரலை அறிந்தவர்கள் இருக்கும்போதே போட்டுக் கேட்டுவிடுங்கள். பெல்ட் ஆன்லைனில்கூடக் கிடைக்கும். அந்தக் காதுக்கு ஸ்பேர் கிடையாது.