ஆடுகளத்துக் கோடுகள்

கோடு இன்றி ஆட்டம் இல்லை. தெருவில் பாண்டி ஆடும் சிறுமியர் கரித்துண்டால் கட்டம் வரைந்துகொள்கின்றனர். சடுகுடு ஆடுவோர் மண்ணில் நடுக்கோடு கிழித்த பின்னரே மூச்சை அடக்கிப் பாடத் தொடங்குகின்றனர். எல்லையை அறிந்து அதற்குள் திறம் காட்டுபவரையே நல்ல ஆட்டக்காரர் என்று உலகம் போற்றுகிறது. ஆயினும், கோடுகள் எல்லாம் ஒரே தன்மை உடையன அல்ல. ஆட்டத்தை ஆக்குவதற்கென்று இட்ட கோடுகள் உண்டு. ஆடுவோரை அடக்குவதற்கென்று இட்ட கோடுகளும் உண்டு. இவ்விரண்டையும் பிரித்து அறியும் எண்ணத்தை எனக்குத் தந்தது இளம்பெண்கள் ஆடும் ஓர் உலகப் போட்டியே ஆகும்.

பத்தொன்பது வயதிற்கு உட்பட்ட மகளிர்க்கான உலகக் கூடைப்பந்துப் போட்டி 1985ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் தொடங்கியது. முதலில் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெற்ற இப்போட்டி, 2005ஆம் ஆண்டிற்குப் பின் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெற்று வருகிறது. பள்ளியிலும் கல்லூரியிலும் பயிலும் பருவத்துப் பெண்கள் தத்தம் நாட்டின் பெயரை மார்பில் தாங்கி இதில் ஆடுகின்றனர்.

ஆடுகளத்தின் நீளம் 28 மீட்டர். அகலம் 15 மீட்டர். இரு முனைகளிலும் 3.05 மீட்டர் உயரத்தில் இரும்பு வளையங்கள் நிற்கின்றன. ஆடவர்க்கும் மகளிர்க்கும் அவ்வுயரம் ஒன்றே. அணிக்கு ஐவராகப் பதின்மர் களத்தில் இறங்குகின்றனர். பந்தைப் பெற்ற அணி 8 நொடிகளுக்குள் நடுக்கோட்டைக் கடத்தல் வேண்டும். 24 நொடிகளுக்குள் வளையத்தை நோக்கி எறிதல் வேண்டும். பத்து நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகளிலும் ஓட்டம் ஓய்வதில்லை. இங்கே எதிரியைத் தடுத்தவள் அடுத்த நொடியில் மறுமுனையில் நின்று பந்தை எறிகின்றாள். களம் முழுவதும் அவளுடையது.

இக்காட்சியை நாம் இன்று இயல்பென்றே கருதுகிறோம். இவ்வியல்பு எளிதில் வந்ததன்று என்பதை இவ்விளையாட்டின் வரலாறு காட்டும்.

1891ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள். அமெரிக்க நாட்டில், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் கடுங்குளிர். வெளியே ஆட இயலாது கட்டடத்துள் அடைபட்டிருந்த மாணவர்களுக்கு ஒரு புதிய ஆட்டத்தைக் கண்டு தருமாறு ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் பணிக்கப்பட்டார். அவர் பீச் பழம் வைக்கும் கூடைகள் இரண்டினைப் பத்தடி உயரத்தில் மாட்டினார். 13 விதிகளை எழுதினார். 18 மாணவர்களை இரண்டு அணிகளாகப் பிரித்து ஆடச் செய்தார். பழக்கூடையிலிருந்து பிறந்தமையால் அவ்வாட்டம் கூடைப்பந்து எனப் பெயர் பெற்றது.

அடுத்த ஆண்டிலேயே அது பெண்களிடம் சென்று சேர்ந்தது. ஸ்பிரிங்ஃபீல்டுக்கு அண்மையிலுள்ள நார்த்தாம்ப்டன் நகரில் மகளிர் பயிலும் ஸ்மித் கல்லூரி உள்ளது. அங்கே செண்டா பெரன்சன் என்னும் அம்மையார் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்தார். லிதுவேனியாவில் பிறந்து, சிறு வயதில் அமெரிக்கா வந்தவர் அவர். இளமையில் உடல் நலிந்திருந்த அவர், பயிற்சியினாலேயே வலிமை பெற்றார். தாம் பெற்ற அவ்வலிமையைத் தம் மாணவியரும் பெறல் வேண்டும் என்று விழைந்தார். 1893ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அக்கல்லூரியின் முதலாண்டு மாணவியரும் இரண்டாமாண்டு மாணவியரும் கூடைப்பந்து ஆடினர். அதனைக் காண ஆடவர்க்கு அனுமதி இல்லை.

பெண்கள் ஓடினால் உடல் கெடும், உள்ளம் கெடும், மென்மை கெடும் என்று அஞ்சிய காலம் அது. அவ்வச்சத்திற்கு இடையே ஆட்டத்தைக் காப்பதற்காக அம்மையார் களத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்துக் கோடுகள் இட்டார். ஒரு பகுதியில் நிற்பவள் மறு பகுதிக்குள் கால் வைத்தல் கூடாது. பிறர் கையிலுள்ள பந்தைப் பறித்தல் கூடாது. பந்தை மூன்று முறைக்கு மேல் தரையில் தட்டுதலும் கூடாது. கதவைத் திறந்தவரும் அவரே. கோட்டை இட்டவரும் அவரே. இதற்காக அவரைக் குறை கூறுதல் தகாது. கோடுகள் இல்லையேல் அன்று ஆட்டமே இருந்திராது. காலம் மாறிய பின்னரும் கோடுகள் நின்றுவிட்டதே வருந்தத் தக்கது.

அவை எத்துணைக் காலம் நின்றன என்று அறிந்தால் வியப்பு உண்டாகும். அமெரிக்காவின் அயோவா மாநிலத்து உயர்நிலைப் பள்ளிகளில், களத்தை இரண்டாகப் பகுத்து மகளிர் ஆடும் ஒரு முறை 1993ஆம் ஆண்டு வரை வழக்கில் இருந்தது. அணிக்கு அறுவர். மூவர் எறிவதற்கு மட்டுமே உரியவர். மூவர் தடுப்பதற்கு மட்டுமே உரியவர். நடுக்கோட்டை எவரும் கடத்தல் ஆகாது. ஆதலால், தடுப்பவளாகத் தெரிந்தெடுக்கப்பட்ட ஒரு மாணவி ஆட்டத்தில் ஒருமுறையேனும் வளையத்தை நோக்கிப் பந்தை எறியாமலே பள்ளிப் பருவத்தைக் கடந்துவிடக் கூடும்.

ஸ்பிரிங்ஃபீல்டில் பிறந்த ஆட்டம் நம் நாட்டிற்கும் வந்தது. அந்நகரக் கல்லூரியில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர் 1920ஆம் ஆண்டில் சென்னையில் உடற்கல்விக் கல்லூரி ஒன்றை நிறுவினார். அங்கே பயின்று வெளிவந்த ஆசிரியர்கள் பல ஊர்ப் பள்ளிகளுக்கும் விளையாட்டுகளைக் கொண்டுசென்றனர். எங்கள் ஊர்ப் பள்ளியிலும் செம்மண் களம் ஒன்றும் கம்பத்தில் மாட்டிய வளையம் ஒன்றும் இருந்தன. என் தமக்கை அங்கேதான் ஆடினாள். மாலையில் அவள் வீடு திரும்பும்போது பாவாடையின் கரையில் செம்மண் படிந்திருக்கும். முகத்தில் களைப்பை மீறிய ஒரு மலர்ச்சி இருக்கும்.

அவள் ஒன்பதாம் வகுப்பில் பயின்றபோது அவ்வாட்டம் நின்றது. “வயதுக்கு வந்த பெண் நாலு பேர் பார்க்க ஓடலாமா?” என்று பாட்டியார் கேட்டார். தந்தையார் மறுமொழி கூறவில்லை. ஆசிரியை வீட்டிற்கே வந்து எடுத்துரைத்தும் பயன் இல்லை. தமக்கை அழவில்லை, எவரோடும் வழக்காடவும் இல்லை. ஆனால், மறுநாள் முதல் ஆடுகளத்தை ஒட்டிய நேர்வழியை விட்டுக் கிணற்றடி வழியே சுற்றிக்கொண்டு வகுப்பிற்குச் சென்றாள். எங்கள் வீட்டில் எவரும் அவளுக்குத் தீங்கு எண்ணியவர் அல்லர். பாட்டியார் அவள்மீது உயிரையே வைத்திருந்தார். அன்புடையவர் கையாலும் கோடு இடப்படும் என்பதை அன்று நான் கண்டேன்.

இனி, உலகக் களத்தின் கதையைக் காண்போம். ஒலிம்பிக் விழாவில் ஆடவர் கூடைப்பந்து 1936ஆம் ஆண்டில் இடம்பெற்றது. மகளிர் கூடைப்பந்து 1976ஆம் ஆண்டில்தான் இடம்பெற்றது. நாற்பது ஆண்டுகள் கடந்து திறந்த அவ்வாயிலின் வழியே இளம்பெண்களின் உலகப் போட்டியும் ஒன்பதே ஆண்டுகளில் வந்தது. ஆட்டம் பிறந்த நாடே முதற்போட்டியைத் தன் மண்ணில் நடத்தியது. எனினும் பதக்கம் பெற்றிலது. முதல் இரண்டு போட்டிகளிலும் சோவியத் ஒன்றியமும், 1993ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவும் வென்றன. 1997ஆம் ஆண்டில்தான் அமெரிக்கப் பெண்கள் முதன்முறை வாகை சூடினர். அதன்பின் அவர்கள் அடைந்த வளர்ச்சி பெரிது. 2025ஆம் ஆண்டுப் போட்டி வரை பதினொரு முறை அந்நாடு முதலிடம் பெற்றுள்ளது. தோற்ற மூன்று போட்டிகளுக்குப் பின்னும் விடாது முயன்றதன் பயன் அது.

வென்றவரும் தளராமல் இருக்க இயலாது. 2001ஆம் ஆண்டில் செக் நாட்டுப் பெண்கள் தம் நாட்டுப் புருனோ நகரிலேயே வாகை சூடினர். 2017ஆம் ஆண்டில் இத்தாலியின் ஊதினே நகரில் உருசிய அணி 86க்கு 82 என்ற கணக்கில் அமெரிக்க அணியை வென்றது. 2021ஆம் ஆண்டில் அங்கேரி நாட்டு தெப்ரசன் நகரில், மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுப் பெண்கள் நான்காம் இடம் பெற்றனர். ஆப்பிரிக்கக் கண்டத்து அணி ஒன்று இப்போட்டியின் அரையிறுதியை எட்டியது அதுவே முதன்முறை. செல்வம் மிக்க நாட்டிற்கே வெற்றி என்னும் கோட்டையும் அவர்கள் ஓரளவு அழித்தனர்.

இளமையில் கிட்டும் ஒரு வாய்ப்பு எத்துணைத் தொலைவு செல்லும் என்பதற்குச் சான்று ஒன்று கூறுவேன். 1997ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டு நாட்டால் நகரில் நடந்த போட்டியில் ஆஸ்திரேலிய அணி இரண்டாம் இடம் பெற்றது. அவ்வணியில் லாரன் ஜாக்சன் என்னும் பதினாறு வயதுப் பெண் ஆடினாள். அவரே 2024ஆம் ஆண்டில், தம் நாற்பத்து மூன்றாம் அகவையில், பாரிசு ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கம் பெற்ற தம் நாட்டு அணியில் இருந்தார். பதினாறு வயதில் அவரை எவரேனும் ஓரத்தில் நிறுத்தியிருந்தால், இடைப்பட்ட இருபத்தேழு ஆண்டுகளின் ஆட்டத்தை உலகம் இழந்திருக்கும். இழந்தோம் என்பதையும் அறிந்திராது.

அண்மைக் காலத்திலும் சில கோடுகள் இருந்தன. 2014ஆம் ஆண்டு இஞ்சியோனில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில், தலையை மறைக்கும் துணியுடன் ஆடுதல் விதிக்கு மாறு என்று கூறப்பட்டமையால் கத்தார் நாட்டு மகளிர் கூடைப்பந்து அணியினர் ஆடாமல் விலகினர். அவ்விதி 2017ஆம் ஆண்டில் மாற்றப்பட்டது. ஓடாதே என்று தடுப்பதும் ஒரு கோடே; இன்ன உடையில் வந்தால்தான் ஓடலாம் என்பதும் ஒரு கோடே. இரண்டும் அழிந்தால்தான் களம் அனைவர்க்கும் பொதுவாகும்.

2019ஆம் ஆண்டில் பாங்காக்கு நகரில் நடந்த இறுதி ஆட்டத்தை நானும் என் தமக்கையும் கணினித் திரையில் கண்டோம். அமெரிக்க அணியும் ஆஸ்திரேலிய அணியும் மோதின. 40 நிமிடங்கள் கடந்தும் இரண்டும் சமமாக நின்றமையால் மேலும் 5 நிமிடங்கள் ஆட நேர்ந்தது. முடிவில் 74க்கு 70 என்று அமெரிக்க அணி வென்றது. ஆட்டத்தின் இடையே, பிழையீட்டு எறிக்காக ஒரு பெண் தனியே கோட்டின்முன் நின்றாள். எவரும் அவளைத் தடுத்தல் கூடாது. எவரும் அவளுக்கு உதவவும் இயலாது. அரங்கம் முழுவதும் அவள் கையையே நோக்கியிருந்தது. அவள் எறிந்த கணத்தில் என் தமக்கையின் வலக்கை மணிக்கட்டும் தானே வளைந்தது. ஆண்டுகள் பல சென்றும் கை தன் கல்வியை மறக்கவில்லை. அவள் ஒன்றும் கூறவில்லை, நானும் கேட்கவில்லை.

மாணவ மாணவியரே! பதக்கங்களின் கணக்கை நீங்கள் மறந்தாலும் குற்றமில்லை. உங்கள் பள்ளி ஆடுகளத்தை மட்டும் ஒருமுறை உற்று நோக்குங்கள். அங்கே ஓடுபவர் யார், ஓரத்தில் நின்று ஓடுபவரின் பைகளைக் காப்பவர் யார் என்று பாருங்கள். நிற்பவர் விரும்பி நிற்கின்றனரா, நிறுத்தப்பட்டு நிற்கின்றனரா என்று கேளுங்கள். ஆட்டத்தை ஆக்கும் கோடுகளைப் போற்றுங்கள். நடுவர் ஊதினால் நில்லுங்கள். ஆடுவோரை அடக்கும் கோடு ஒன்றைக் கண்டால் அதனைச் சுட்டிக்காட்ட அஞ்சாதீர்கள். ஓரத்தில் நிற்பவளைப் பெயர் சொல்லி அழைத்துப் பந்தை அவள் கையில் கொடுங்கள். எஞ்சியதை அவள் பார்த்துக்கொள்வாள்.